பானும் பாத்தியும்: உப்பளச் சொற்கள் பற்றிய ஓர் ஆய்வு

1. முன்னுரை

ஒரு பொருளுக்கு இருமொழிகளில் வழங்கும் பெயர்களை அகராதி ஒரே வரியில் எதிரெதிரே நிறுத்திவிடுகின்றது. அவ்வாறு நின்றமையானே அவை முழுதும் ஒத்தன எனக் கற்பார் கருதுவர். ஆயின், பொருள் ஒன்றாயினும் பார்வை வேறாதல் உண்டு. ஒரு மக்கட் கூட்டம் ஒரு தொழிலை எதனோடு ஒப்பிட்டு அறிந்ததோ, அவ்வொப்புமை அத்தொழிற் பெயருள் உறைந்து கிடக்கும். உப்பு விளையும் இடத்தைக் குறிக்கும் 'சால்ட் பான்' என்னும் ஆங்கிலத் தொடரும், 'அளம்', 'பாத்தி' என்னும் தமிழ்ச் சொற்களும் இவ்வுண்மைக்குத் தக்க சான்றாவன. அவற்றின் பொருள் வரலாற்றையும் இலக்கிய ஆட்சியையும் ஆராய்ந்து, அவ்வேறுபாட்டால் விளையும் பயனைக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்கு நிலைக்களமாக யாம் கொண்டது மரக்காணக் கடற்கரை. விழுப்புரம் மாவட்டத்தில், சென்னையினின்று புதுச்சேரிக்குச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையின்மேல் அமைந்தது இவ்வூர். ஆந்திரத்துப் பெத்தகஞ்சத்தில் தொடங்கி ஏறத்தாழ 420 கிலோமீட்டர் கடலோரமாகவே வரும் பக்கிங்காம் கால்வாய் இங்கு முடிவுறுகின்றது. ஊரின் தென்மேற்கே கழுவெளி என்னும் பரந்த உவர்நீர்ப் பரப்பு உளது. 2021-இல் தமிழ்நாட்டரசு அதனைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. கழி, கால்வாய், கடல் என்னும் மூன்றும் அணுகிய இந்நிலத்தில் உப்புப் பாத்திகள் சாலையின் இருமருங்கும் பரந்துள்ளன. நிலப்படங்களும் ஆங்கிலப் பதிவுகளும் இவற்றைச் 'சால்ட் பான்' என்று குறிக்கும். ஆங்கு வேலை செய்வோர் 'அளம்' என்றும் 'பாத்தி' என்றுமே கூறுவர். இவ்விரு வழக்கும் ஒரே வரப்பின்மேல் சந்திக்கின்றன.

இவ்வூரின் பழைமையும் ஈண்டு நினைக்கத்தகும். சிறுபாணாற்றுப்படையில் நத்தத்தனார் பாடிய ஓய்மானாட்டு நல்லியக்கோடனது எயிற்பட்டினம் இதுவே எனவும், கிரேக்க மாலுமியின் 'பெரிப்புளூசு' குறிக்கும் சோபட்மா என்னும் துறை இதுவே எனவும் அறிஞர் பலர் கொள்வர். இங்குள்ள பூமீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுக்கள் உள்ளன. எனவே, சங்கப் பாடல்களின் நெய்தற் சொற்களை இந்நிலத்தில் நின்று பொருள் காணல் பொருந்தாச் செயல் அன்று.

2. 'பான்' என்னும் ஆங்கிலச் சொல்

'பான்' என்பது ஆங்கில அடுக்களையில் நாடோறும் வழங்கும் எளிய சொல். அகன்று ஆழங்குறைந்த சமையற் கலம் என்பதே அதன் முதற்பொருள். பழைய ஆங்கிலத்தில் அது 'பன்னெ' என வழங்கிற்று. செருமானியத்தில் 'ஃபன்னெ' எனும் உறவுச்சொல் இன்றும் உண்டு. தட்டு எனப் பொருள்படும் 'பதினா' என்னும் இலத்தீன் சொல்லினின்று செருமானியக் கிளைமொழிகள் இதனைப் பண்டே கடன் கொண்டிருத்தல் கூடும் என்பர் சொற்பிறப்பு நூலார்.

இலக்கியத்துள் இச்சொல் எளிய மனையின் அடையாளமாக வருகின்றது. 14-ஆம் நூற்றாண்டில் சாசர் இயற்றிய 'கான்டர்பரிக் கதைகளுள்' ஒன்றில், பொய்வழக்குச் சொல்லிப் பணம் பறிக்கும் அழைப்பாணைச் சேவகன் ஒருவன் ஏழை முதியாள் ஒருத்தியை மிரட்டுகின்றான். பணம் இல்லையேல் அவளது புதிய 'பான்' ஒன்றை எடுத்துச் செல்வதாகக் கூறுகின்றான். அவளோ அவனையும் அக்கலத்தையும் சேர்த்தே பேய் கொண்டு போகட்டும் எனச் சபிக்கின்றாள். இழப்பதற்கு எஞ்சிய இறுதிப் பொருள் ஒரு சமையற்கலம் என்பதே அக்கதையின் நகையும் அவலமும் ஆகும்.

கலத்தைக் குறித்த இச்சொல் பின்னர்ப் பல பொருள்களுக்குப் பரந்தது. மண்டையோட்டினை 'மூளைப் பான்' என்றனர். சேக்சுபியரின் 'ஆறாம் என்றி' நாடகத்தின் இரண்டாம் பகுதியில் கிளர்ச்சித் தலைவன் கேடு இச்சொல்லை ஆள்கின்றான். பழைய துப்பாக்கியில் வெடிமருந்து இடும் குழியும் பான் எனப்பட்டது. அம்மருந்து குழியளவில் மட்டும் எரிந்து குண்டு வெளிப்படாது போதலே, தொடக்கத்து ஒளியோடு ஓய்ந்துவிடும் முயற்சியைக் குறிக்கும் மரபுத்தொடராயிற்று. பொன்மணலை அரித்தெடுக்கும் தட்டும் பான் எனப்பட்டது. 'பான் அவுட்' என்னும் தொடர் அத்தொழிலிற் பிறந்து, ஒரு செயல் எவ்வாறு முடிந்தது என்னும் பொதுப்பொருளைப் பெற்றது. இவ்வளவிலும் கலம் என்னும் அடிப்பொருள் மாறவில்லை என்பது கருதற்பாலது.

உப்புத் தொழிலுக்கு இச்சொல் எவ்வாறு வந்தது? இங்கிலாந்து வெயில் குறைந்து மழை மிகுந்த நாடு. அங்குக் கடல்நீரைத் தரையில் தேக்கி வெயிலால் மட்டும் உலர்த்தி உப்பெடுத்தல் எளிதன்று. ஆதலின் உவர்நீரைக் கலத்திற் பெய்து தீயினாற் காய்ச்சினர். 1086-இல் எழுதப்பெற்ற 'டூம்சுடே' என்னும் பதிவேடு, துரோயிட்விச் முதலிய இடங்களின் உப்பு இல்லங்களையும் உவர்நீர் காய்ச்சிய ஈயக்கலங்களையும் கணக்கிட்டுக் கூறுகின்றது. செசயர்ப் பகுதியின் நார்த்விச், மிடில்விச், நான்ட்விச் ஆகிய ஊர்கள் உவர்நீர் ஊற்றுக்களால் சிறந்தவை. பிற்காலத்தே ஈயக்கலம் போய்ப் பெரிய இரும்புக் கலமும், விறகு போய் நிலக்கரியும் வந்தன. நார்த்விச்சுக்கு அணித்தாய இலயன் உப்பாலையில் திறந்த கலத்திற் காய்ச்சும் முறை 1986 வரை நீடித்தது. சுகாத்துலாந்தின் கடற்கரையில் உள்ள பிரெசுடன்பான்சு என்னும் ஊர் இக்கலங்களானே பெயர் பெற்றது.

ஆகவே, ஆங்கிலேயனுக்கு உப்பு என்பது அடுப்பின்மேல் ஆக்கப்படும் பொருள். உப்பு எடுக்கும் இடம் எதுவாயினும் அதனைக் கலத்தின் பெயரால் வழங்கும் பழக்கம் அவன் மொழியில் வேரூன்றியது. வெயிலால் உப்பு விளையும் நாடுகளுக்கு அவன் வந்தபோது, ஆழங்குறைந்து நீர் தேங்கிய பாத்தியையும் 'பான்' என்றே அழைத்தான். அடுப்பும் தீயும் அங்கில்லை. எனினும் அடுக்களைப் பெயர் தங்கிவிட்டது.

3. அளமும் பாத்தியும்

தமிழில் உப்பு விளையும் இடத்திற்குரிய பழஞ்சொல் 'அளம்' என்பது. மலையாளத்திலும் இச்சொல் வழங்குகின்றது. கடலையும் சேற்றையும் குறிக்கும் 'அளக்கர்', சேற்றைக் குறிக்கும் 'அளறு' என்பவற்றோடு இதனை இணைத்துக் காண்டல் தகும். அவ்வாறாயின், ஈரமும் களியும் பொருந்திய தாழ்நிலம் என்பதே இதன் அடிப்பொருளாம். கலம் என்னும் கருத்து இதன்கண் சிறிதும் இல்லை. பிரெசுடன்பான்சு என்னும் பெயர்க்கு ஒப்பாக நம் நாட்டில் பேரளம் என்னும் ஊரும், புதுச்சேரியின் உப்பளம் என்னும் பகுதியும் உள்ளன. கோவளம் என்பதனையும் கோ + அளம் எனப் பிரிப்பார் உளர். ஆங்குக் கலம் ஊர்ப்பெயரானாற்போல ஈங்கு நிலம் ஊர்ப்பெயராயிற்று.

அளத்தின் உட்பிரிவே பாத்தி. 'பகு' என்னும் அடியினின்று 'பாத்து' என்னும் சொல் பகுத்தல் என்னும் பொருளில் வந்தது. பிறர்க்குப் பகுத்துண்டலைத் திருக்குறள் 'பாத்தூண்' என்று கூறுதல் காண்க. வரம்பிட்டுப் பகுக்கப்பட்ட நிலக்கூறு பாத்தி ஆயிற்று. வள்ளுவர் இச்சொல்லை இருகால் உவமையாக ஆள்கின்றார். வகையறச் சூழாது பகைமேற் செல்லுதல் பகைவரை நல்ல பாத்தியில் நட்டு வளர்ப்பதற்கு ஒப்பாகும் என்பது ஒன்று (465). உணரவல்லார் முன் ஒன்று சொல்லுதல் தானே வளரும் பயிர் நின்ற பாத்தியில் நீர் சொரிதலை ஒக்கும் என்பது மற்றொன்று (718). இரண்டிடத்தும் பாத்தி என்பது பயிர் வளரும் இடமே. அச்சொல்லையே உப்பு விளையும் இடத்திற்கும் தமிழர் வைத்தனர். தெலுங்கு மக்களும் நெல் வயலுக்குரிய 'மடி' என்னும் சொல்லைச் சேர்த்து 'உப்புமடி' என்பர்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். 'பான்' என்பது நம் 'பானை'யோடும், 'பதினா' என்பது நம் 'பாத்தி'யோடும் ஒலியால் ஒத்துத் தோன்றும். ஒலியொப்புமை ஒன்றே கொண்டு உறவு கூறுதல் மொழிநூல் நெறியன்று. பாத்திக்குத் தமிழிலேயே தெளிவான அடி உண்டு. அதன் பொருளும் கலத்தோடு இயைபுடையதன்று. ஆதலின் இவற்றை இணைக்க யாம் முயலவில்லை.

அற்றேல், கலப்பெயரைப் பிற பொருள்களுக்கு ஏற்றும் வழக்கம் தமிழுக்கு இல்லையோ எனின், உண்டு. சங்கப் பாடல்களில் 'மண்டை' என்பது பாணரும் இரவலரும் ஏந்திய உண்கலத்தின் பெயர். அச்சொல்லே பிற்காலத்தில் தலையைக் குறிப்பதாயிற்று. 'மண்டையோடு' என்னும் வழக்கின் 'ஓடு' என்பதும் உடைந்த கலத்தின் பெயரே. ஆங்கிலேயர் 'மூளைப் பான்' என்றதும் தமிழர் 'மண்டை' என்றதும் ஒரே வழியிற் சென்ற பொருள்மாற்றங்கள். கலத்திலிருந்து தலைக்கு இரு மொழிகளும் ஒருங்கே சென்றன. கலத்திலிருந்து அளத்திற்கு ஆங்கிலம் மட்டும் சென்றது. ஆகவே வேறுபாட்டிற்குக் காரணம் மொழியியல்பு அன்று. தொழிலும் நிலமும் வெயிலுமே என்பது பெறப்படும். சீனர் 'உப்பு வயல்' எனப் பொருள்படும் 'யென்தியன்' என்னும் சொல்லாலும், தாய்லாந்து மக்கள் அதே பொருளில் 'நாகிளுவா' என்னும் சொல்லாலும் உப்பளத்தை வழங்குதல் இம்முடிவை வலியுறுத்தும். வெயிலால் உப்பெடுக்கும் இம்மக்களும் அதனை வயலாகவே கண்டனர்.

4. சங்க இலக்கியத்தில் உப்பு உழவு

இவ்வயற் பார்வை சங்கப் பாடல்களில் முழு வடிவம் பெற்றுள்ளது. நற்றிணை 331-ஆம் பாட்டில் உலோச்சனார், உவர்நிலத்து உப்பை விளைப்போரை ஏர் பூட்டி உழுதல் இல்லாத உழவர் என்னும் கருத்துப்படப் பாடுகின்றார். அவர்கள் உமணரின் வண்டித்தொடர் வரும் காலத்தை எதிர்நோக்கிக் கானலில் உப்பைக் குவித்துக் காக்கின்றனர். அக்குவியலின்மேல் ஏறி மகளிர் தம் தந்தையரின் படகுகளை எண்ணுகின்றனர். அகநானூற்று 140-ஆம் பாட்டில் அம்மூவனார், பெரிய கழியிடத்துச் 'செறு'வில் உழாமலே செய்யப்பட்ட உப்பைப் பேசுகின்றார். செறு என்பது வயல். உழவர், செறு, விளைவு, பாத்தி என்னும் சொற்கள் யாவும் மருதத்தினின்று நெய்தலுக்கு வந்தவை. குவியலைக் குறித்த 'குப்பை' என்னும் சொல்லும் நெல்லுக்கும் உப்புக்கும் பொதுவாகவே நின்றது.

இருவகை விளைவும் சந்தையிலும் நிகராக நின்றன. அம்மூவனாரின் அப்பாட்டில் உமணர் மகள், நெல்லும் உப்பும் ஒன்றுக்கொன்று நேர் எனத் தெருவிற் கூறி விற்கின்றாள். பட்டினப்பாலையில் உப்பை விற்று நெல்லைக் கொண்டுவந்த படகுகள் புகார்க் கழியில் வரிசையாகக் கட்டப்பட்டுள்ளன. வயல் விளைவுக்கு வயல் விளைவே மாற்றாயிற்று என்க.

பிற்கால இலக்கண நூலாரும் இந்நெறியினின்று வழுவிலர். நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் விளக்கம் நெய்தல் மக்களுள் பரதர், நுளையர் என்பாரோடு அளவர், அளத்தியர் என்பாரையும் சுட்டுகின்றது. நிலத்தாற் பெயர் பெற்ற தொழிலர் இவர். ஆண்பாலும் பெண்பாலும் தனித்தனிப் பெயருடன் நிற்றலால், அளத்துத் தொழிலில் மகளிர்க்கும் பங்குண்டென்பது விளங்கும்.

எனினும், இப்பாடல்களை ஒருங்குவைத்துக் காணும்போது ஒரு குறையும் புலப்படாமற் போகாது. உப்பைக் கொண்டுசென்று விற்ற உமணரைப் புலவர் கண்ணிமையாது நோக்கியுள்ளனர். பெரும்பாணாற்றுப்படை அவர்தம் வண்டியில் தொங்கும் காடிக்கலத்தையும் கோழிக்கூட்டையும் காட்டுகின்றது. சிறுபாணாற்றுப்படையில் அவர்தம் வண்டித்தொடரோடு வந்த மந்தி, உமட்டியர் பெற்ற புதல்வரோடு விளையாடுகின்றது. புறநானூறு 102-இல் ஔவையார், உமணர் தம் வண்டியின் அடியில் முன்கருதலோடு கட்டிவைத்த சேமஅச்சினைப் பொகுட்டெழினிக்கு உவமையாக்குகின்றார். அந்நூலின் 116-ஆம் பாட்டில் கபிலர், தந்தையை இழந்த பாரிமகளிர் குப்பைமேல் ஏறி, செல்லும் உப்புவண்டிகளை எண்ணி நிற்கும் அவலத்தைப் பாடுகின்றார். மழையால் உப்பு அழிதலும் உவமையாயிற்று: குறுந்தொகை 165-இல் பரணர் பெருமழையில் அழிந்த உப்புவண்டியைக் கூறுகின்றார், நற்றிணை 88-இல் உப்பினாற் செய்த பாவை மழையில் கரைகின்றது.

இத்துணை நுட்பமும் வழியிலும் சந்தையிலும் உள்ளவை. பாத்தியின் உள்ளே நின்றவனது உழைப்பு, பெரும்பாலும் 'உழாத' என்னும் ஓர் எதிர்மறைச் சொல்லளவில் நின்றுவிட்டது. அச்சொல் அவனை உழவன் எனப் பெருமைப்படுத்துகின்றது. அதே வேளையில் அவன் செய்யாத ஒன்றைச் சொல்லிச் செய்ததனைச் சொல்லாது விடுகின்றது. அவன் செய்தது யாது என்பதை அறிய மரக்காணத்துப் பாத்திக்கே செல்லுதல் வேண்டும்.

5. பாத்தியில் நிகழும் தொழில்

கடல்நீரில் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்றரைப் பங்கு உப்புண்டு. கழியினின்றும் கால்வாயினின்றும் பெறும் உவர்நீரை முதலிற் பெரும்பாத்தியில் தேக்குவர். வெயிலும் காற்றும் நீரைக் குடிக்க, எஞ்சிய நீர் செறிவுறும். அதனை மடை திறந்து அடுத்தடுத்த பாத்திகளுக்கு விடுவர். இடையே சுண்ணத்தோடு கூடிய ஒருவகை உப்பு, களிக்கல்லாகப் படிந்து நீங்கும். பாமே அளவையில் ஏறத்தாழ 25 பாகை எய்தியபின் இறுதிச் சிறுபாத்திகளில் உணவுக்குரிய உப்புப் படிகமாகத் தொடங்கும். ஏறத்தாழ 30 பாகையை அணுகும் முன்னரே எஞ்சிய நீரை வடித்துவிடல் வேண்டும்; இன்றேல் மக்னீசிய உப்புக்கள் கலந்து கைப்புச் சேரும். எனவே, எந்நாளில் மடை திறப்பது, எந்நாளில் வாருவது என்னும் அறிவு இத்தொழிலின் உயிர்நிலை.

மழைக்காலம் கழிந்ததும் வரப்புக்களைச் சீர்செய்து, பாத்தியின் களித்தரையைக் காலால் மிதித்து இறுக்குவர். தரை இறுகாவிடின் உப்பில் மண் கலக்கும். படிந்த உப்பை நீண்ட கைப்பிடியுடைய மரப்பலகையால் வாரி வரப்பில் ஏற்றி, நீர் வடிந்தபின் தலைச்சுமையாகக் கொண்டுசென்று குவிப்பர். வெண்ணிற உப்பின்மேல் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைத் தாக்கும். உவர்நீர் கால்தோலை அரிக்கும். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் தொழில் நின்றுவிடும். பாத்தி முழுதும் மழைநீர் நிறைந்து, விளைந்ததும் விளைய இருந்ததும் கரையும். பரணர் கூறிய அழிவு இன்றும் ஆண்டுதோறும் நிகழ்கின்றது.

வரப்பு, மடை, விளைச்சல், பருவம் என்னும் இச்சொற்களை நோக்குக. ஏர் ஒன்று நீங்கலாக உழவுக்குரிய யாவும் ஈண்டு உள. 'உழாத' என்றதன் முழுப்பொருள் இவ்வுழைப்பைக் கண்டபின்னரே விளங்கும்.

6. சொல்லும் சட்டமும்

இவ்வேறுபாடு புலவர்க்கு மட்டும் உரியதன்று. 1805-இல் சென்னை மாகாணத்தில் உப்பு, கும்பினி அரசின் தனியுரிமை ஆயிற்று. 1889-இல் சென்னை உப்புச் சட்டம் வந்தது. அரசுப் பதிவுகளில் உப்பளத் தொகுதி 'சால்ட் ஃபாக்டரி', அஃதாவது உப்புத் தொழிற்சாலை எனப் பெயர் பெற்றது. 1930-இல் உப்பு வரியை எதிர்த்து மக்கள் எழுந்தபோது, பல இடங்களில் தொண்டர் கடல்நீரைக் கலத்திற் காய்ச்சியே சட்டத்தை மீறினர். இராசாசியின் தலைமையில் திருச்சிராப்பள்ளியினின்று வேதாரணியத்திற்கு நடந்ததும் அவ்வாண்டே. 'உப்புக் காய்ச்சுதல்' என்னும் தொடர் அரசியல் வழக்கில் பெருகியது இக்காலத்தே. பாத்தி அரசின் காவலில் இருந்தபோது, எளியோர்க்கு எஞ்சியது பானை. உப்பு வரி 1947-இல் நீக்கப்பட்டது.

அடுத்து எழுந்த வினா நம் ஆய்வுக்கு மிக நெருங்கியது. உப்பு இயற்கையால் விளைகின்றதா, மனிதனால் செய்யப்படுகின்றதா? பம்பாய்க் கடற்கரை உப்பளம் ஒன்றைப் பற்றிய வழக்கில் இவ்வினா உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. கடல்நீரை வெயில் உலர்த்துதலின் அஃது உற்பத்தித் தொழில் ஆகாது என்றும், திறந்தவெளி நிலம் தொழிற்சாலை ஆகாது என்றும் உப்பளம் நடத்துவோர் தரப்பில் வாதிக்கப்பட்டது. 1961-இல் நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. உப்பு உண்டாதல் இயற்கையால் மட்டும் அன்று, இயற்கையின் துணைகொண்ட மனித முயற்சியாலே என்று கருதி, உப்பளம் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின்கீழ் வரும் என்று தீர்ப்பளித்தது. அச்சட்டத்தின் பாதுகாப்பு உப்பளத் தொழிலாளர்க்கு உரியதாயிற்று.

இதனால் பெறப்படுவது யாது? 'தொழிற்சாலை' என்னும் ஆங்கில வழிச்சொல் உழைப்பை உழைப்பாகக் கண்டது; ஆனால் பருவத்தைக் காணவில்லை. தொழிற்சாலை ஆண்டு முழுதும் இயங்குவதாகக் கருதப்படும். உப்பளமோ மழைமாதங்களில் உறங்கும். 'விளைவு' என்னும் தமிழ்ச்சொல் பருவத்தைக் கண்டது. ஆனால் 'உப்பு விளைகின்றது' என்னும்போது உழைத்தவனை மறைக்கின்றது. வெயிலே எல்லாம் செய்கின்றது என்ற அவ்வழக்குரைஞர் வாதமும் இம்மறைப்பின்மேல் எழுந்ததே. தமிழ்நாட்டரசு 2022-இல் உற்பத்தி நிகழாத மழைமாதங்களுக்கென உப்பளத் தொழிலாளர் குடும்பங்கட்கு 5,000 ரூபாய் உதவித்தொகை வழங்கத் தொடங்கியபோது, பருவம் என்னும் உண்மை ஒருவாறு அரசாணையுள்ளும் புகுந்தது.

7. முடிவுரை

இவ்வாராய்ச்சியாற் போந்தவற்றைத் தொகுத்துக் கூறுவாம்.

'பான்' என்பது தீயிற் காய்ச்சிய நாட்டின் சொல். 'பாத்தி' என்பது வெயிலில் விளைத்த நாட்டின் சொல். இடம் ஒன்றாயினும் அவை காட்டும் தொழில் வேறு. ஆதலின் நற்றிணை, அகநானூற்றுப் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்ப்போர் செறுவிற்கும் பாத்திக்கும் 'சால்ட் பான்' என இடுவரேல், உப்பு விளைப்போனை உழவன் எனக் கண்ட புலவரது உள்ளம் மறைந்துபோம். 'உப்பு வயல்' எனப் பொருள்படும் தொடரே ஆண்டு ஏற்புடைத்து. அவ்வாறே, ஆங்கிலப் பதிவுகளைத் தமிழாக்குவோர் 'உப்புத் தட்டு' முதலிய சொற்களைப் புதிதாகப் படைக்க வேண்டுவதில்லை. அளமும் பாத்தியும் முன்னரே உள.

விளைதல், விளைத்தல் என்னும் வினைகளின் வேறுபாடு ஈண்டு இன்றியமையாதது. முன்னது தன்வினை, பின்னது பிறவினை. 'உப்பு விளைந்தது' என்பதில் எழுவாய் உப்பு. 'அளவர் உப்பை விளைத்தனர்' என்பதில் எழுவாய் மக்கள். பருவத்தையும் உழைப்பையும் ஒருங்கே காட்டவல்லது இப்பிறவினையே. பாடநூலும் செய்தித்தாளும் அரசாணையும் இதனைக் கையாளுதல் நன்று.

இறுதியாக ஒன்று. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. நெய்தல் நிலத் தொழிற்சொற்களுள் அதன்கண் இடம்பெறாதன இன்னும் பல இருத்தல் கூடும். மரக்காணம், வேதாரணியம், தூத்துக்குடி ஆகிய அளங்களில் நீரின் செறிவுக்கும், படிகத்தின் பருமைக்கும், வரப்பின் வகைக்கும், வாருங்கருவிக்கும் வழங்கும் சொற்களை அங்கு உழைப்போர் வாய்மொழியாகவே தொகுத்தல் வேண்டும். இயந்திரம் பாத்திக்குள் இறங்குந்தோறும் கைத்தொழிற் சொற்கள் வழக்கு வீழும். முதுகலை மாணவர் ஒருவர் ஒரு விளைச்சற் பருவத்தை ஓர் அளத்தில் செலவிட்டு இப்பணியைச் செய்வாராயின், புலவர் 'உழாத' என்ற ஒரு சொல்லால் விட்டுச் சென்ற இடத்தை அவர் நிரப்பியவர் ஆவர்.